வட்டுக்கோட்டையில் ஒரு வியப்பு

பெல்பாஸ்ட் நகரில் பிறந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1845இல் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக வந்தவர். அரச உத்தியோகத்தராக யாழ்ப்பாணம் வந்தவரை அசத்திவிட்டது, அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி.

வெள்ளை உடையும் தலைப்பாகையுமாக நின்ற எங்கள் பிள்ளைகள் காட்டிய அறிவு அவரை மலைக்க வைத்தது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு நிகரானது இக்கல்விக்கூடம் என்றே எழுதிவைத்தார். அது முகஸ்துதி அல்ல. பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள்தான்.

அந்த வளவில் இன்று யாழ்ப்பாணக் கல்லூரி நடக்கிறது. வேலை அலுவலாக யாழ்ப்பாணம் வரும் வெளிநாட்டவரை நல்லூர்க் கோயிலோடு திருப்பி அனுப்பாதீர்கள். வட்டுக்கோட்டைக்கும் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.