குவாய் பாலத்தில் இல்லாத பெயர்கள்



கண்டியிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக மலையிறங்கினால் கித்துல்கல வரும். அங்கே களனி கங்கைக் கரையில் பழைய கொங்கிரீட் அடித்தளங்கள் சிலவற்றைக் காணலாம். படப்பிடிப்புக்கென்றே கட்டி, 1957 இல் கெமராவின் முன்னால் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட ஒரு மரப்பாலத்தின் எச்சம் அது. டேவிட் லீனின் ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ என்ற படத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற படம் இது. சிறந்த நடிகருக்கான விருது அலெக் கின்னஸுக்குக் கிடைத்தது. யப்பானியரிடம் சிறைப்பட்ட பிரித்தானியக் கேணலாக அவர் வருகிறார். வெயிலில் கொதிக்கும் தகரக் கூண்டில் அடைபட்டுக் கிடந்தவர் வெளியே வரும் காட்சியைக் கவனியுங்கள். கால்கள் தள்ளாடுகின்றன, இராணுவ மிடுக்கை மட்டும் விடமாட்டேன் என்கிறார். போலியோ நோயிலிருந்து தேறிவந்த தம் மகனின் நடையையே கின்னஸ் இந்தக் காட்சிக்கு எடுத்துக்கொண்டார். எதிர்முனையில் செஷூ ஹயகாவா. மௌனப்பட காலத்திலேயே ஹொலிவூட் நட்சத்திரமாக விளங்கியவர். பிடிவாதப் போரில் தோற்ற யப்பானிய அதிகாரி தனிமையில் அழும்போது, எதிரி என்ற எண்ணம் நம் மனதிலிருந்து அகன்றுவிடுகிறது.

கண்டிக்காரருக்கு இந்தப் படத்தில் இன்னுமொரு மகிழ்ச்சி உண்டு. வில்லியம் ஹோல்டன் அழைத்துவரப்படும் இரகசியப் படையின் தலைமையகம் நமது பேராதனைப் பூங்காதான். முதன்முறை பார்த்தபோது அந்த இடத்தில் நான் கதையையே மறந்துபோனேன். இது வெறும் கற்பனையுமல்ல. மவுண்ட்பேட்டன் பிரபு 1944 இல் தமது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைக்கே கொண்டுவந்தார்.

ஆனால் நேயர்களே, இந்தப் படத்தில் இல்லாத பெயர்களும் உண்டு. திரைக்கதைக்கான ஒஸ்கார், நாவலாசிரியர் பியர் பூலுக்கு வழங்கப்பட்டது. உண்மையில் திரைக்கதையை எழுதியவர்கள் கார்ல் போர்மனும் மைக்கல் வில்சனும். கம்யூனிஸ்டுகள் என்ற சந்தேகத்தில் ஹொலிவூட் அவர்களைத் தள்ளிவைத்திருந்ததால் பெயர் போடப்படவில்லை. 1984 இல் அக்கடமி அந்தத் தவறைத் திருத்திக்கொண்டது. அப்போது இருவருமே உயிரோடு இல்லை.

இன்னொரு கூட்டத்தாரின் பெயர்களோ எங்குமே சேரவில்லை. யப்பானியர் 1942 – 43 இல் அமைத்த பர்மா – சயாம் ரயில் பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீற்றர். படம் காட்டுவது வெள்ளைக்காரக் கைதிகளை மட்டுமே. அவர்களுள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டது உண்மை. ஆனால் ஆசியத் தொழிலாளர் இரண்டு இலட்சம் பேரளவில் அங்கே வேலை வாங்கப்பட்டனர். இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. அவர்களுள் பெருந்தொகையினர் மலாயா இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். வாந்திபேதி வந்தபோது கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலில் இந்த அவலத்தை எழுதியிருக்கிறார்.

கண்டிச்சீமைக்குக் கோப்பி பயிரிடவும் தேயிலை பறிக்கவும் வந்தவர்களைப் போலவே, அதே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மலாயாவுக்குப் போனவர்கள் அவர்கள். அவர்கள் மாண்டுபோன பாதையின் கதையை நமது மலையடிவாரத்திலேயே படமாக்கினார்கள். கதையிலோ ஒரு தமிழ்த் தொழிலாளியும் இல்லை.

இதற்காகப் படத்தை வெறுத்து ஒதுக்கச் சொல்லவில்லை. கின்னஸின் நடை இன்றும் என்னை உலுக்குகிறது. ஆனால் நல்ல இரசிகன் திரையில் தெரிவதை வியப்பதோடு நின்றுவிடக் கூடாது. தெரியாமல் போனவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும். அடுத்த முறை கித்துல்கல பக்கம் போனால், அந்த அடித்தளங்களின் அருகே சற்று நில்லுங்கள். பாலம் வெடித்த காட்சி நினைவுக்கு வரும். கூடவே, பெயர் தெரியாத அந்த மனிதர்களும் நினைவுக்கு வரட்டும்.