குண்டு தானாக வழி தவறுமா?



ஆவடியில் வளர்ந்தவர்களுக்குத் துப்பாக்கி புதிதல்ல. டேங்க் ஃபேக்டரி, விமானப்படை நிலையம், சிறப்புக் காவல் படை என்று எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு நீளமான சுவர், வாசலில் துப்பாக்கியோடு ஒருவர். எங்கள் பந்து சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. யாரும் ஏறிக் குதிக்க மாட்டோம். அப்படி வளர்ந்த நாமே அமெரிக்கச் செய்திகளைப் பார்த்து "அது அந்த ஊர்ப் பைத்தியம்" என்று சொல்லிவிடுகிறோம்.

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கம் துப்பாக்கி சுடும் தளத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினருக்குப் பயிற்சி. தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2022 ஜனவரி 3 அன்று இறந்தான். அரசு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது.

இந்த மாதிரி செய்திகளில் எழுவாயைக் கவனியுங்கள். குண்டு பாய்ந்தது, குண்டு வழி தவறியது. சுட்டவர் இல்லை. தளத்தை நடத்தியவர் இல்லை. வீடுகள் இருக்கும் திசையில் சுடலாம் என்று முடிவெடுத்தவர் இல்லவே இல்லை. எல்லாம் குண்டே செய்த மாதிரி இருக்கும்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், அக்டோபர் 21 அன்று, அமெரிக்காவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் குண்டு பட்டு இறந்தார். துப்பாக்கி நடிகர் கையில் இருந்தது. ஆனால் துப்பாக்கிகளுக்குப் பொறுப்பாக இருந்த பெண்ணுக்குத்தான் 2024இல் 18 மாதச் சிறை. அரசுத் தரப்பு சாட்சியத்தை மறைத்ததால் நடிகர் மீதான வழக்கு விழுந்துவிட்டது. அமெரிக்க நீதியைப் புகழ நான் வரவில்லை. அங்கே போலீஸ் துப்பாக்கி கறுப்பர்களை என்ன செய்கிறது என்று தெரியும். ஆனாலும் விசையை அழுத்திய விரலோடு அந்த விசாரணை நிற்கவில்லை. உண்மையான தோட்டா எப்படி உள்ளே வந்தது, யார் சோதித்திருக்க வேண்டும் என்று போனது.

இங்கே கவனக்குறைவால் மரணம் என்றால் 304ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டு. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 5 ஆண்டு. சீருடையில் இருப்பவர் மீது வழக்கு நடத்தப் பல நேரங்களில் அரசின் முன் அனுமதி வேறு வேண்டும்.

தீவுத்திடல் வழக்கு உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். 2011 ஜூலையில் ராணுவக் குடியிருப்புக்குள் பாதாம் கொட்டை பொறுக்கப் போன 13 வயது குடிசைப் பகுதிச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவர் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி. துப்பாக்கியைக் கூவத்திலிருந்து எடுத்தார்கள். 2012இல் ஆயுள் தண்டனை. அது விபத்து அல்ல, தெரிந்துதான் சொல்கிறேன். சுவருக்கு வெளியே வாழும் பிள்ளை உள்ளே வந்தால் அவன் எப்படித் தெரிகிறான் என்பதற்காகச் சொல்கிறேன். வசதி உள்ளவர் யாரும் அந்தச் சுவரை ஒட்டிக் குடியேறுவதில்லை.

துப்பாக்கிக்குச் சாதி உண்டு என்பது சட்டத்துக்கே தெரியும். வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995, விதி 3: வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில், தேவைப்பட்டால், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்கலாம். பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு உரிமம் கொடுக்கலாம். எனக்குத் தெரிந்த வழக்கறிஞர்களே இதைக் கேட்டுச் சிரித்தார்கள், படித்துக் காட்டும் வரை.

திருவள்ளூர் மாவட்டத்தில் இந்த விதியின் கீழ் எத்தனை உரிமம் ரத்தானது, எத்தனை கொடுக்கப்பட்டது, சுடுதளங்களை ஒட்டிய ஊர்களுக்கு முன்னறிவிப்பு யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டுத் தகவல் உரிமை மனு எழுதி வைத்திருக்கிறேன். பத்து ரூபாய்தான் கட்டணம். ஆளுக்கொன்று போடுவோம், நகல் வாசலில் இருக்கிறது.