துணி அஞ்சல் அட்டைக்கு என்ன விலை?

"துண்டுத் துணிதானே, சும்மா கிடைக்கிறதுக்கு 60 ரூபாயா?" என்று என்னிடம் கேட்கிறாங்க. தையல் கடையில் கழிக்கிற சுங்குடித் துண்டு சும்மாதான். பக்ரமும் நூலும் சும்மா வருமா?

6-க்கு 4 அங்குலம் வெட்டி, மேலே சுங்குடி, நடுவில் பக்ரம், பின்னால் எழுதுவதற்குக் காடாத் துணி வைத்துத் தைத்து, சுற்றிலும் ஜிக்ஜாக் அடிக்கணும். மூலையில் ஊசியை இறக்கி வைத்துத்தான் திருப்பணும், இல்லைன்னா பிசிறு விடும். ஒண்ணுக்கு முக்கால் மணி நேரம் ஆகுது.

ஒரு கடைக்காரர் 15 ரூபாய்க்குக் கேட்டார். கொடுக்கலை. கண்காட்சியில் ஒரு அம்மா, வெளியூரில் இருக்கிற மகளுக்கு அனுப்பணும்னு 4 அட்டை வாங்கினாங்க. அழுக்காகாமல் இருக்கக் கவரில் போட்டு அனுப்பச் சொன்னேன்.

அடுத்த கண்காட்சிக்கு 50 அட்டை வேணும். ஜிக்ஜாக் மிஷின் இருக்கிறவங்க கூட்டம் முடிஞ்சதும் என்னைப் பாருங்க. கூலி அட்டைக்கு 30 ரூபாய்.