எடை கூடினால் போதுமா?

குண்டாயிடுவோம்னு பயந்து சாப்பாட்டை ஒதுக்கும் வளரிளம் பிள்ளைகள் உண்டு. இது பிடிவாதம் இல்லை, உயிருக்கே ஆபத்தான நோய்.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்ப சிகிச்சையில் யார் மீதும் பழி போடுவதில்லை. பெற்றோரே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்கிறார்கள். எடை ஏறிட்டா குணமாயிடுச்சா? நாம் சேமிப்பை மட்டுமா பார்க்கிறோம், கடனையும் பார்க்கிறோம் இல்லையா? அதுபோல மனசையும் அளக்கிறார்கள். கடந்த 28 நாளில் எத்தனை நாள் அந்தப் பயம் வந்தது என்று கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள்.

2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 121 பிள்ளைகள். எடையும் மனசும் சேர்ந்து தேறினால்தான் குணம் என்று வைத்தார்கள். சிகிச்சை முடிந்த ஓராண்டில், குடும்பத்தோடு சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரும், தனியாகப் பெற்றவர்களில் கால்வாசிக்கும் குறைவானவர்களும் தேறியிருந்தார்கள்.

நாமும் சாப்பிடாத பிள்ளையைத் திட்டாமல், சீக்கிரமே டாக்டரிடம் கூட்டிப் போவோம்.