ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியரின் இன்பங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண வீட்டில் பந்திக்காகக் காத்திருந்தேன். அருகில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் என் தொழில் என்ன என்று கேட்டார். "ஆசிரியர்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "எந்தக் கல்லூரியில்?" என்று ஆவலோடு வினவினார். "கல்லூரி இல்லை, ஐயா, ஆரம்பப் பள்ளி" என்றேன். "ஆரம்பப் பள்ளிதானா? அதனால் என்ன, அதுவும் ஒரு வேலைதானே!" என்று என்னைத் தேற்றினார். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் பேசுவது போன்ற குரல் அது. பந்தியில் எனக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றச் சொன்னதும் அவர்தான். அந்த இரக்கத்தை நான் மறக்கவில்லை.

மாணவச் செல்வங்களே, நீங்களும் ஒரு காலத்தில் ஆரம்பப் பள்ளியில் பயின்றவர்களே. ஆனால் உங்களுக்கு முதன் முதலாக எழுத்தறிவித்தவரின் பெயரைக் கேட்டால் உங்களில் பலர் சற்றுத் திகைப்பீர்கள். அதில் குற்றமில்லை. நடக்கக் கற்ற நாளை எவர் நினைவில் வைத்திருக்கிறார்? நீங்கள் மறந்துவிட்ட அந்த நாட்களை நான் மறவாதிருக்கிறேன். அதுவே என் தொழிலின் முதல் இன்பம்.

புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கு நோக்கி வந்தால், அரியாங்குப்பத்து ஆற்றையும், அதன் பின் நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றையும் கடக்கவேண்டும். அதற்கப்பால் சாலைகள் கூடும் இடமே தவளக்குப்பம். கிழக்கே சென்றால் நல்லவாடு, அங்கே கடல். மேற்கே சென்றால் அபிஷேகப்பாக்கம், அங்கே வயல். ஆகவே எங்கள் வகுப்பறையில் மீன்வலையும் ஏரும் ஒரே பலகையில் அருகருகே உட்காரும். நடுவில் கடைத்தெருப் பிள்ளைகள் இருப்பார்கள். இவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். மழைக்காலத்தில் பள்ளிக்குப் பின்புறம் தவளைகள் கத்தத் தொடங்கினால் பாடம் நின்றுவிடும். "இதனால்தான் சார் நம்ம ஊருக்கு இந்தப் பேரு" என்பான் ஒருவன். தவளம் என்றால் வெண்மை என்று எங்கோ கேட்டு வந்த மற்றொருத்தி அதை மறுப்பாள். தவளைக் கட்சியும் வெண்மைக் கட்சியுமாக வகுப்பு இரண்டுபடும். தவளைகள் ஓயும்வரை வழக்கும் ஓயாது.

1988ஆம் ஆண்டில் பணியேற்றேன். 2024இல் ஓய்வு பெற்றேன். முப்பத்தாறு ஆண்டுகள். எங்கள் புதுவை மண்ணில் இதைவிட ஓராண்டு கூடுதலாகப் பள்ளி ஆசிரியராக இருந்த ஒருவரை நீங்கள் அறிவீர்கள். கனக சுப்புரத்தினம் என்ற பெயரோடு 1909இல், பதினெட்டு வயதில், காரைக்காலை அடுத்த நிரவியில் பணியில் சேர்ந்து, 1946இல் ஓய்வு பெற்ற பாவேந்தர் பாரதிதாசனே அவர். அப்போது இங்கே பிரெஞ்சு ஆட்சி. உலகம் அவரைக் கவிஞர் என்று போற்றியது. பள்ளிப் பதிவேடு அவரை ஆசிரியர் என்றே அறிந்திருந்தது. அவரிடம் சிறு வயதில் பாடம் கேட்ட பிள்ளைகளுள் ஒருவர் பின்னாளில் வாணிதாசன் ஆனார். பாகூர்ப் பக்கத்துச் சேலியமேட்டில் வாழ்ந்த அவரும் ஆசிரியத் தொழிலையே மேற்கொண்டார். "ஆரம்பப் பள்ளிதானா?" என்று கேட்ட பெரியவரிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். பாயசம் வந்துவிட்டது, சொல்லவில்லை.

வகுப்பறை இன்பத்துக்கு வருகிறேன். தமிழ் எழுத்துகள் 247 என்று சொல்லி அச்சுறுத்துவோர் உண்டு. குழந்தை அந்தத் தொகையைக் கண்டு அஞ்சுவதில்லை. ஏனெனில் அதற்கு அந்தத் தொகையே தெரியாது. ட, ப, ம என்னும் மூன்று எழுத்தையும் புள்ளியையும் கொடுத்தால் போதும். படம், மடம், பட்டம், மட்டம் என்று அது வீடு கட்டத் தொடங்கிவிடும். எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிச் சொல்வது வேறு; படிப்பது வேறு. முன்னதிலிருந்து பின்னதற்குக் குழந்தை தாவும் கணம் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் நாம் பாராத வேளையில் நிகழ்ந்துவிடும். வேட்டைக்காரனைப் போல் காத்திருந்தும் பல முறை நான் ஏமாந்திருக்கிறேன்.

ஒரு முறை அகப்பட்டது. அதுவும் வகுப்பறையில் அன்று, சாலையோரத்தில். மாலையில் முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்துச் சாலையைக் கடக்க நின்றான். பேருந்தொன்று வந்து நின்றது. அதன் நெற்றியிலிருந்த பலகையைப் பார்த்து, "க... ட..." என்றான். அடுத்த எழுத்து 'லூ'. அதை நான் இன்னும் கற்பிக்கவில்லை. 'ல' மட்டும் தெரியும். "கட... ல..." என்று இழுத்தான். கண்களை இடுக்கினான். திடீரென்று, "கடல்! கடலூர்!" என்று கத்தினான். நடத்துனர் திரும்பிப் பார்த்தார். "சார், கடலுக்கு ஊரு சார்!" என்று என் கையை உலுக்கினான். பேருந்து போன பின்பும் அவன் சாலையைக் கடக்கவில்லை. எதிர்க் கடைப் பலகையில் தனக்குத் தெரிந்த எழுத்துகளையெல்லாம் தேடத் தொடங்கிவிட்டான். அன்று அவனை வீடு சேர்க்க அரை மணி நேரம் ஆயிற்று. அவன் தாய் என்னைக் கடிந்துகொண்டதும் உண்மை.

இன்பங்களைச் சொல்ல வந்த நான் என் பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். அதிலிருந்துதான் எனக்குப் பேரின்பம் ஒன்று கிடைத்தது. 1996ஆம் ஆண்டு. நான்காம் வகுப்புத் தேர்வில் காற்றின் பெயர்களைக் கேட்டிருந்தேன். வடக்கிலிருந்து வீசுவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை, தெற்கிலிருந்து தென்றல். நல்லவாட்டுச் சிறுவன் ஒருவன் மூன்றைச் சரியாக எழுதிவிட்டுத் தெற்கிலிருந்து வீசுவது 'சோழகம்' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்தேன். "புத்தகத்தில் இல்லாததை ஏன் எழுதினாய்?" என்றும் எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தனர். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளிலிருந்து அவன் வகுப்பில் கையுயர்த்துவதை நிறுத்திக்கொண்டான். அதற்கடுத்த வாரம் வருவதையும் நிறுத்திக்கொண்டான்.

பத்து நாள் பார்த்துவிட்டு நல்லவாட்டுக்குப் புறப்பட்டேன். அவன் தாத்தா மணலில் அமர்ந்து வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்தார். "வாங்க வாத்தியாரையா" என்று எழுந்தார். பேரன் ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் நேராக விடை கூறவில்லை. வலையைக் கீழே வைத்துவிட்டுக் கடலைக் காட்டி, "இப்ப அடிக்கிறது என்ன காத்து, தெரியுங்களா?" என்றார். தெற்கிலிருந்து இதமாக வீசிக்கொண்டிருந்தது. "தென்றல்" என்றேன். "எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து நாங்க சோழகமுன்னுதான் சொல்றோம். அது தப்புன்னு பள்ளிக்கூடத்துல அடிச்சுட்டாங்களாம்; பையன் கேக்குறான், தாத்தா, நீ தப்பாவா சொல்லிக் குடுத்தேன்னு" என்றார். சினம் இல்லாமல்தான் சொன்னார். சினந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றிரவு அகராதியைப் புரட்டினேன். சோழகம் என்றால் தென்காற்று என்று அங்கே அச்சிட்டிருந்தது. அந்தச் சொல் புத்தகத்தில் இல்லை என்று நான் சொன்னதுகூடப் பிழை. நான் பார்த்த புத்தகத்தில் இல்லை, அவ்வளவே. மறுநாள் அகராதியைத் தூக்கிக்கொண்டு நல்லவாட்டுக்குப் போனேன். சிறுவனிடம் அந்த வரியைக் காட்டிப் படிக்கச் சொன்னேன். படித்தான். விடைத்தாளில் நான் அடித்த கோட்டின் மேல் 'சரி' என்று எழுதி, அரை மதிப்பெண்ணும் போட்டேன். அவன் தாளை வாங்கித் தாத்தாவிடம் நீட்டினான். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆயினும் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் காலை வகுப்பில், "கரும்பலகையில் சோழகம் என்று எழுது" என்று அவனைக் கூப்பிட்டேன். பலகை நிறைய எழுதினான். முப்பத்தாறு ஆண்டுகளில் நான் போட்ட மதிப்பெண்களில் எனக்கு நன்றாக நினைவிருப்பது அந்த அரை மதிப்பெண்தான்.

மறு ஆண்டு தையில் பிள்ளைகளை அரிக்கமேட்டுக்கு அழைத்துச் சென்றேன். எங்கள் ஊருக்கு வடக்கே, அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் உள்ள மேடு அது. புதுவையின் பிரெஞ்சுக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ழூவோ துப்ராய் என்ற அறிஞர் 1937இல் அங்கே சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்த மணிக்கற்களை விலை கொடுத்து வாங்கினார். அந்த மணிகள் சொன்ன சேதி பெரியது. 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும் அங்கே அகழ்ந்தனர். இத்தாலியில் செய்த மெருகேற்றிய சிவப்பு மட்கலங்களின் துண்டுகள் கிடைத்தன. மது நிரப்பி வந்த இரட்டைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியோடு இந்தக் கரைக்கு வாணிகம் இருந்தது என்பதை உலகம் அறிந்தது. முதலில் குனிந்து பொறுக்கியவர்கள் சிறுவர்கள் என்பதை என் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொன்னேன்.

சொன்னதன் பயன் உடனே தெரிந்தது. ஒரு சிறுமி கையை இறுக மூடிக்கொண்டு நின்றாள். திறந்து பார்த்தால் நீல நிறத்தில் கடுகளவு மணி! அது பாதுகாக்கப்பட்ட இடம். அங்கிருந்து எதையும் எடுத்துச் செல்லலாகாது என்றேன். "அந்த வெள்ளைக்கார வாத்தியாரு காசு குடுத்து வாங்கினாரே சார்?" என்றாள். நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் இந்தச் சட்டம் இல்லை என்று விளக்கினேன். அவளுக்கு மனநிறைவு ஏற்படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனினும் மணியை எடுத்த இடத்திலேயே வைத்து, அதன் மேல் மண்ணையும் தள்ளிவிட்டாள்.

அப்போதுதான் நம் சோழகத்துச் சிறுவன் கேட்டான்: "சார், அவங்க எந்தக் காத்துல வந்திருப்பாங்க?" இந்தக் கேள்வியை எந்த ஆசிரியர் கேட்கச் சொல்லிக் கொடுத்தார்? எகிப்தின் துறைகளிலிருந்து கோடையில் புறப்பட்ட கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றால் அரபிக்கடலைக் கடந்து மேலைக் கரைக்கு வந்ததையும், வடகிழக்குப் பருவக்காற்றின் துணையால் திரும்பிச் சென்றதையும் மணலில் படம் வரைந்து காட்டினேன். அவன் குந்தியமர்ந்து பார்த்தான். "அப்போ வாடையில திரும்பிப் போயிருக்காங்க" என்றான். அவன் தாத்தாவின் காற்று உரோமாபுரி வரை போய்விட்டது.

எல்லா நாளும் இப்படி இருக்குமா? இராது. வருகைப் பதிவு, புள்ளிவிவரம், வாக்காளர் பட்டியல், மக்கள்தொகைக் கணக்கு என்று எத்தனையோ வேலைகள் உண்டு. இவற்றைப் பற்றிப் பேசினால் உங்களுக்கும் தூக்கம் வரும், எனக்கும் வரும். தோல்விகளும் உண்டு. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று நின்றுவிட்ட ஒரு பெண்ணை, "தம்பியையும் தூக்கிக்கொண்டு வா" என்று அழைத்துவந்தேன். ஓராண்டுக் காலம் எங்கள் மூன்றாம் வகுப்பில் தவழும் மாணவன் ஒருவனும் இருந்தான். ஆனால் குடும்பத்தோடு வெளியூர்ச் செங்கல் சூளைக்குப் போய்விட்ட மற்றொரு சிறுவனை என்னால் மீட்க முடியவில்லை. மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அவன் விட்டுச்சென்ற பலகையை வெகுநாள் என் மேசைக்குள் வைத்திருந்தேன்.

பள்ளிக்கு வெளியே கிடைக்கும் இன்பம் ஒரு தனி வகை. மீன்காரம்மா மீனுக்குக் காசு வாங்க மறுப்பார். நான் மீன் வாங்க மறுப்பேன். முடிவில் இருவரும் பாதி விலையில் உடன்படுவோம். அவர் என் பழைய மாணவியின் தாய். வீராம்பட்டினத்து ஆடித் தேரன்று கூட்டத்தில் எங்கிருந்தோ "சார்!" என்று குரல் வரும், திரும்பினால் மீசை முளைத்த ஓர் இளைஞன். பெயர் நினைவுக்கு வராது. ஆனால் அவன் 'ழ' எழுதும்போது சுழியை எந்தப் பக்கம் வளைப்பான் என்பது நினைவுக்கு வரும்.

2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கமாகவே கரை கடந்தது. மறுநாள் விடியும்போது தெருவில் முழங்கால் அளவு நீர், மின்சாரம் இல்லை. வாசலில் யாரோ நீரைக் கலக்கிக்கொண்டு வரும் ஓசை கேட்டது. கதவைத் திறந்தேன். நனைந்த சட்டையோடு, கையில் பால் பாத்திரத்தோடு நின்றவன் அந்த நல்லவாட்டுச் சிறுவன். சிறுவன் என்று சொல்வது என் பழக்கம். அவனுக்கு இப்போது சொந்தப் படகு இருக்கிறது, முதல் வகுப்பில் படிக்கும் மகளும் இருக்கிறாள். "வீட்டுக்குள்ள தண்ணி ஏறிச்சா சார்?" என்று கேட்டான். இல்லை என்றேன். படகு பத்திரமா என்று கேட்டேன். மேட்டில் ஏற்றிக் கட்டிவிட்டதாகச் சொன்னான்.

சில மாதங்களுக்குப் பின் ஒரு மாலையில் நல்லவாட்டுக் கரையில் அவனோடு நின்றுகொண்டிருந்தேன். அவன் மகள் மணலில் விரலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். தெற்கிலிருந்து காற்று வந்தது. "தென்றல் நல்லா அடிக்குது, இல்லிங்களா சார்?" என்றான், குறும்பாக.

"தென்றல் இல்லையப்பா, சோழகம்" என்றேன்.