போனை வாங்கிய பிறகு பிள்ளையின் கையில் என்ன கொடுப்போம்?

(கோடை விடுமுறையை முன்னிட்டு நம் அறக்கட்டளை நடத்திய பெற்றோர் சந்திப்பில், அறக்கட்டளை நூலகத்தைக் கவனித்துவரும் சகோதரர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)





பிள்ளைகளும் செல்போனும் என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் ஆலிம் இல்லை, ஆசிரியரும் இல்லை. தம்மாமில் 21 வருஷம் ஏசி மெக்கானிக்காக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஒரு தவறு செய்தேன். அதைச் சொன்னால் யாருக்காவது பயன்படும் என்றுதான் இந்த மைக்கைப் பிடித்தேன்.

நான் ஊர் திரும்பியபோது என் கடைசி மகனுக்கு 11 வயது. அவன் பிறந்ததிலிருந்து நான் அவனோடு சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்தது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் இரண்டு மாத லீவில்தான். மற்ற நாட்களெல்லாம் போன் வழியாகத்தான் நான் அவனுக்கு வாப்பா. தினமும் இஷாவுக்குப் பிறகு வீடியோ கால். பல் விழுந்ததைக் காட்டுவான், புதுச் சட்டையைக் காட்டுவான், நான் சிரிப்பேன். அந்தப் பிள்ளைக்கு வாப்பா என்றாலே அந்தச் சின்னத் திரைதான்.

பிறகு ஒரேயடியாக வந்து வீட்டில் உட்கார்ந்தேன். அவன் அதே போனைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டால் "ஒரு நிமிஷம் வாப்பா" என்பான். சாப்பாட்டு ஸஹனைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தால் அவன் கண் மட்டும் வேறு எங்கோ இருக்கும். ஒருநாள் எனக்குக் கோபம் தலைக்கேறியது. போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அவன் அழவில்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னான்: "நீங்க சவூதியிலயே இருந்திருக்கலாம் வாப்பா. அங்க இருந்தப்போ நல்லாப் பேசுவீங்க."

மூன்று நாள் அவன் என்னோடு பேசவில்லை. போன் பூட்டிய பீரோவுக்குள் இருந்தது. அதனால் வீட்டில் என்ன மாறியது? ஒன்றும் மாறவில்லை. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான், அவ்வளவுதான்.

மேசை விசிறி செய்த வேலை

நான்காம் நாள் வீட்டு மேசை விசிறி சரியாகச் சுற்றவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திண்ணையில் வைத்துக் கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஒரு நிழல். "இது என்னது வாப்பா?" கெப்பாசிட்டர் என்றேன். "இது எதுக்கு?" சொன்னேன். புஷ்ஷில் எண்ணெய் வறண்டு போயிருந்தது. துடைத்து எண்ணெய் விடச் சொன்னேன். கையெல்லாம் கறுப்பாகிவிட்டது அவனுக்கு. பழைய கெப்பாசிட்டரை மாற்றி, மூடியை முறுக்கி, பிளக்கைச் செருகியதும் விசிறி சர்ரென்று சுற்றியது. அவன் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை அந்த 11 வருஷ வீடியோ காலில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த இரண்டு மணி நேரமும் அவன் போனைக் கேட்கவே இல்லை. நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் நான் அவன் கையிலிருந்து எதை எடுப்பது என்று மட்டுமே யோசித்திருந்தேன். எடுத்த பிறகு அந்தக் கையில் எதைக் கொடுப்பது என்று யோசிக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் கை சும்மா இருக்காது. அதில் நாம் ஒன்றைக் கொடுக்காவிட்டால் வேறு யாராவது கொடுப்பார்கள்.

ஒரு குருவியும் இரண்டு பெரியவர்களும்

நம் சமுதாயத்துப் பிள்ளை ஒருவரின் கதையைச் சொல்கிறேன். 1896-ல் பம்பாயில் பிறந்தவர். ஒரு வயதில் தந்தையையும், மூன்று வயதில் தாயையும் இழந்த யத்தீம். தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜி வீட்டில் வளர்ந்தார். அந்தக் காலத்துப் பையன்களைப் போலக் குருவி சுடுவதுதான் அவருக்கும் விளையாட்டு. ஒருநாள் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. வழக்கமான சிட்டுக்குருவிக்கு அப்படி இருக்காதே? இதைச் சாப்பிடலாமா கூடாதா என்ற சந்தேகத்தோடு மாமாவிடம் எடுத்துப் போனார்.

மாமாவுக்கும் அது என்ன பறவை என்று தெரியவில்லை. "போய்ப் படிக்கிற வேலையைப் பார்" என்று அவர் விரட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டுக்கு ஒரு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பையனை அனுப்பினார். மில்லார்டும் சின்னப் பையன் என்று பார்க்காமல், பறவையின் பெயரைச் சொல்லி, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, படிக்கப் புத்தகமும் கொடுத்தார்.

அந்தப் பையன்தான் பறவையியல் அறிஞர் சாலிம் அலி. 1976-ல் பத்ம விபூஷண் விருது பெற்றவர். நம் கோயம்புத்தூர் பக்கம் ஆனைகட்டியில் இருக்கும் பறவை ஆராய்ச்சி மையம் அவர் பெயரில்தான் நடக்கிறது. அவருக்குத் திறமை இருந்தது, உண்மை. ஆனால் ஒரு பிள்ளையின் கேள்வியைப் பொருட்டாக எடுத்துக்கொண்ட இரண்டு பெரியவர்கள் இல்லாதிருந்தால் அந்தத் திறமை எங்கே போயிருக்கும்?

அதற்கும் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே நமக்கு வழி காட்டப்பட்டுவிட்டது. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சின்னப் பிள்ளை. ஒரு குருவியை வளர்த்து அதோடு விளையாடிக்கொண்டிருப்பார். நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம், அபூ உமைரே, குருவி என்ன ஆயிற்று என்று விசாரிப்பார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ் இது. ஒரு சமுதாயத்தையே சுமந்துகொண்டிருந்த நம் நபி அவர்களுக்கு ஒரு பிள்ளையின் குருவியை விசாரிக்க நேரம் இருந்திருக்கிறது. நமக்கு இல்லையா?

வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார்களுக்கு இதை யாராவது சொல்லுங்கள். கால் செய்தால் நாம் கேட்பது இரண்டே கேள்விதான்: தொழுதாயா, படித்தாயா. கேட்க வேண்டிய கேள்விகள்தான். அதோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "இந்த வாரம் என்ன செஞ்சே, வாப்பாவுக்குக் காட்டு." நட்ட செடியைக் காட்டட்டும், வரைந்த படத்தைக் காட்டட்டும். அப்போது அதே போன் அந்தப் பிள்ளைக்கு நல்லதைச் செய்யும்.

பெண் பிள்ளைகளை மறந்துவிட வேண்டாம்

தாய்மார்கள் நிறையப் பேர் வந்திருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆண் பிள்ளை போனை வைத்துவிட்டால் போக மைதானம் இருக்கிறது, தெரு இருக்கிறது, கூட்டாளிகள் இருக்கிறார்கள். பெண் பிள்ளைக்கு? பத்து, பதினோரு வயதானதும் "இனி வெளியே விளையாடப் போகாதே" என்று நிறுத்திவிடுகிறோம். பிறகு அவள் எப்போதும் போனையே பார்க்கிறாள் என்று குறை சொல்கிறோம். கதவைச் சாத்தியது நாம்தானே? திறந்திருந்த ஒரே ஜன்னல் அவளுக்கு அந்தப் போன்.

ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மை வைத்து விளையாடியதும், நபி (ஸல்) அவர்களைக் கண்டு வெட்கப்பட்டு ஒளிந்துகொண்ட தோழிகளை அவர்களே மீண்டும் விளையாட அனுப்பி வைத்ததும் ஹதீஸில் இருக்கிறது. நம் மகளுக்கும் தோழிகள் வேண்டும், ஓடியாட இடம் வேண்டும். மொட்டைமாடி போதும், ஷட்டில் விளையாடலாம். நாலு தொட்டியில் கீரை போடலாம்.

நம் நெல்லைச் சீமையில் பத்தமடைப் பாய் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை நூல் போலக் கிழித்து, ஊறவைத்து, சாயம் ஏற்றி நெய்கிறார்கள். நெய்கிறவர்களில் பெரும்பாலோர் நம் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள். 1953-ல் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு அந்தப் பாய் போயிருக்கிறது. அந்த வேலையை ஒருநாள் நேரில் காட்ட நம் பெண் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறோமா? பக்கத்து ஊர்தானே! இதைக் கேட்கும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. நானும் கூட்டிப் போனதில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

நூலகத்துக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்தும், என் வீட்டில் பட்டும் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பிள்ளை போனில் எதைப் பார்க்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். திட்டுவதற்காகப் பார்க்க வேண்டாம், தெரிந்துகொள்வதற்காகப் பாருங்கள். அவனுக்கு எதில் ஆசை என்று அந்தப் போனே சொல்லும். சமையல் வீடியோ பார்க்கிற பிள்ளைக்கு வாரத்தில் ஒருநாள் அடுப்படியை விட்டுக் கொடுங்கள். கட்டடம் கட்டும் கேம் ஆடுகிறவனுக்கு அட்டையும் பசையும் கத்தரிக்கோலும் கொடுங்கள். நாலு பேர் சேர்ந்து சுடுகிற கேம் ஆடுகிறவனுக்கு உண்மையில் வேண்டியது துப்பாக்கி இல்லை, அந்த நாலு பேர். ஒரு கால்பந்து வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். ரீல்ஸ் எடுக்கிற பிள்ளையை, வீட்டில் இருக்கும் பெரியவர்களின் பழைய கதைகளைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இரண்டாவது, முதல் பத்து நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். "போரடிக்குது" என்று நூறு தடவை சொல்வார்கள். பயந்துபோய்ப் போனைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். போரடித்தால்தான் பிள்ளை எழுந்து எதையாவது தேடும்.

மூன்றாவது, பொழுதுபோக்கை இன்னொரு டியூஷனாக மாற்றிவிடாதீர்கள். காலையில் மக்தப், பகலில் பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன். இதில் ஓவியத்தையும் சேர்த்து, எத்தனை பரிசு வாங்கினாய், சர்டிபிகேட் எங்கே என்று கேட்டால் அதுவும் சுமையாகிவிடும். கோணலாக வரையட்டும். செடி ஒன்று வாடிப் போகட்டும். பரவாயில்லை.

நான்காவது, உடம்பு அசைய வேண்டும். 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாகத் தினமும் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். இரவு 12 மணி வரை போன் பார்க்கிற பிள்ளையை ஃபஜ்ருக்கு எழுப்புவது எப்படி? அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தை விளையாட்டுக்கு என்றே விட்டுவிடுங்கள்.

ஐந்தாவது நமக்கு. இஷாவுக்குப் பிறகு வீட்டில் உள்ள எல்லாப் போன்களும் கூடத்தில் ஒரே இடத்தில் இருக்கட்டும். என் போனும் அங்கேதான் இருக்க வேண்டும். முதல் வாரம் அதை மீறியது என் மகன் இல்லை, நான்தான். "வாப்பா, உங்க போன் அங்க இல்லியே" என்று அவன் சொன்னபோது பதில் சொல்ல முடியவில்லை.

கையில் தொழில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

வீட்டில் மட்டும் செய்தால் போதாது. தந்தை ஊரில் இல்லாத வீடுகளும், தந்தையே இல்லாத வீடுகளும் நம் மஹல்லாவில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு யார் விசிறியைக் கழற்றிக் காட்டுவது? சாலிம் அலியும் ஒரு யத்தீம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இந்தக் கூட்டத்தில் தச்சர் இருக்கிறீர்கள், தையல்காரர் இருக்கிறீர்கள், பிரியாணி மாஸ்டர் இருக்கிறீர்கள், அழகாக அரபு எழுத்து எழுதும் ஹஜ்ரத்மார்கள் இருக்கிறீர்கள். பூத்தையல் போடும் தாய்மார்களும் இருக்கிறீர்கள். இந்த விடுமுறையில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நூலக மாடியை ஆண் பிள்ளைகளுக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையைப் பெண் பிள்ளைகளுக்கும் ஒதுக்கித் தர அறக்கட்டளை சம்மதித்திருக்கிறது. கட்டணம் இல்லை, பரீட்சை இல்லை. நாங்குநேரிப் பக்கம் இருக்கும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு ஒருநாள் கூட்டிப் போகவும் நினைத்திருக்கிறோம். கூழைக்கடாவும் நாரையும் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டுவதை அங்கே பார்க்கலாம். வேன் ஓட்டும் சகோதரர்கள் யாராவது முன்வந்தால் நல்லது. வெளியே மேசையில் நோட்டு இருக்கிறது, பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

என் மகன் இப்போது போனைத் தொடுவதே இல்லை என்று சொன்னால் அது பொய். தொடுகிறான். நேற்றும் அதற்காகச் சத்தம் போட்டேன். ஆனால் தெருவில் யார் வீட்டு மிக்ஸி ரிப்பேர் ஆனாலும் முதலில் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். அவன் என்னைக் கூப்பிடுகிறான். இரண்டு பேரும் சேர்ந்து உட்காருகிறோம். 11 வருஷம் விட்டுப்போன பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ்.

ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் பலர் இழந்துவிடும் இரண்டு அருட்கொடைகள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். இந்த விடுமுறையில் நம் பிள்ளைகளிடம் இரண்டுமே இருக்கின்றன. அவற்றை வீணாக்காமல் பயன்படுத்த அவர்களுக்கும், அவர்களோடு உட்கார நேரம் ஒதுக்க நமக்கும் அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.