நம்பினால் அசையும் உடல்

இன்று பட்டம் பெறும் இயன்முறை மருத்துவ மாணவர்களே,

என் அப்பா காஞ்சிபுரத்தில் நெசவாளி. குழித்தறியை விட்டு எழும்போது இடுப்பில் கைவைத்துக் கொஞ்ச நேரம் குனிந்தபடியே நிற்பார், பிறகுதான் நிமிர்வார். அது ஏன் என்ற கேள்விதான் என்னை இந்தப் படிப்பில் சேர்த்தது.

இப்படி உடல் விறைத்தாலே தசை குட்டையாகிவிட்டது என்று நினைக்கிறோம். ஒருவரை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை உயர்த்திப் பாருங்கள். ஓர் இடத்தில் “இழுக்குது சார்” என்பார், மூச்சைப் பிடித்திருப்பார். அங்கேயே நிறுத்துங்கள். காலின் பாரத்தை உங்கள் கையில் விட்டுவிட்டு, நாலைந்து முறை மெல்ல மூச்சுவிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் கால் இன்னும் கொஞ்சம் மேலே வரும். அதற்குள் தசை நீண்டுவிடவில்லை. இதற்குமேல் ஆபத்து என்று தடுத்த நரம்பு மண்டலம் சற்று விட்டுக்கொடுக்கிறது. சில வார நீட்டல் பயிற்சியின் பலனிலும் பெரும்பங்கு, இழுப்பைத் தாங்கிக்கொள்ளும் இந்தத் திறன்தான் என்கின்றன ஆய்வுகள். மூட்டுறையே இறுகிப்போன தோள்பட்டை வேறு விஷயம். அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அசைவைப் பழக்குவது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை செய்தார். கத்தியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, இடம் மாறிய தசைக்குப் புது வேலையைப் பழக்குவது இயன்முறை சிகிச்சையாளரின் பொறுப்பு. உணர்ச்சியற்ற விரலைக் கண்ணால் பார்த்துப் பார்த்தே அந்த நோயாளி அசைக்கக் கற்க வேண்டும். நம் தொழிலின் பெருமை எனக்கு அங்கேதான் தெரிகிறது.

அதே சமயம், வளைவதெல்லாம் ஆரோக்கியம் அல்ல. மூட்டுகள் எவ்வளவு அதிகமாக வளைகின்றன என்று பார்க்கும் பெய்ட்டன் அளவையில் 9-க்கு 8 வாங்கி, மூட்டு வலியோடு வரும் இளம்பெண்ணுக்கு மேலும் நீட்டல் பயிற்சி வேண்டாம்; வலுவூட்டும் பயிற்சி கொடுங்கள்.

நாளை உங்களிடம் வரும் பாட்டி “கரண்ட் வைங்கம்மா” என்பார். கருவியை மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடாதீர்கள். முழங்கால் 110 டிகிரி மடங்குகிறது என்று குறிப்பதோடும் நிறுத்தாதீர்கள். அவருக்கு என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். தரையில் குத்துக்காலிட்டு உட்கார அந்த மடக்கம் போதாது. பஸ் படி ஏறப் போதும். அவருக்குத் தேவை பஸ் ஏறுவதுதான் என்றால், கட்டிலிலிருந்து எழுப்பி வாசற்படிக்கு அழைத்துப்போங்கள். அவர் கொண்டுவந்த கூடையையும் கையில் கொடுத்து ஏறச் சொல்லுங்கள்.